நசுங்கிய எலுமிச்சம்பழம்

அத்தியாயம் 7

எனக்குக் கோபம் வந்தா பசிக்கும். அன்னைக்குக் காலையில ரெண்டு பிளேட் பொங்கல் உள்ள போயும் பசி அடங்கல. அப்படின்னா கோபம் எவ்வளவுன்னு பார்த்துக்குங்க.

நான் டோனி. தென்னூர்ல ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில நடக்கற 'சுபஸ்ரீ துப்பறியும் நிலைய'த்துல டிரைவர், எடுபிடி, சமயத்துல சமையல்காரன், எல்லாம் நான்தான். முதலாளி சுபஸ்ரீ மேடம். முன்னாடி ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில பொய் க்ளைம் பிடிக்கற வேலையில இருந்தவங்க. எதிர்ல ஒருத்தர் பொய் சொல்றார்னு தெரிஞ்சா மேடம் சத்தம் போடமாட்டாங்க. மூக்குக் கண்ணாடியைக் கழட்டிப் புடவைத் தலைப்பால துடைப்பாங்க. அவங்க துடைக்க ஆரம்பிச்சாங்கன்னா எதிர்ல இருக்கறவன் மாட்டினான்னு அர்த்தம். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அது தப்பினதில்ல.

எடமலைப்பட்டி புதூர் தாண்டி, மதுரை ரோட்டை ஒட்டின அந்தத் தெருவுல எங்க ஆம்னி வேனை நிறுத்தினேன். இறங்கின உடனே ரெண்டு தும்மல். தெருவுல ஒரு வீட்டுல ஜன்னல் திறந்திருந்தாக்க என்னை என்னன்னு கேளுங்க. எல்லா ஜன்னலும் சாத்தி, இடுக்குல துணி வேற அடைச்சிருந்துச்சு.

"என்னங்க இது, எல்லாருக்கும் ஒரே நேரத்துல அம்மை போட்டிருக்கா?"ன்னு கேட்டேன்.

"தூசி சார்"ன்னாங்க ஷரபுன்னிசா. ஜெயில்ல இருக்கற அனீஸோட சம்சாரம், எங்க கட்சிக்காரர். "ஜன்னலைத் தொறந்தா சோத்துல மண்ணு. குடோன் வந்ததுலேர்ந்து இப்படித்தான். உள்ள லாரி ரிவர்ஸ் எடுக்கற கீ கீ சத்தம் ராத்திரி பூரா கேட்டுக்கிட்டே இருக்கும். புள்ளைங்க தூங்கறதே விடிஞ்ச பிறகுதான்."

தெருக்கோடியில நின்னுச்சு அந்தக் குடோன். ஒரு ஊரையே உள்ள தள்ளிக் கதவைச் சாத்தலாம், அவ்வளவு பெருசு. ஆன்லைன்ல நீங்களும் நானும் வாங்கற மிக்ஸி, செருப்பு, செல்போன் கவர் எல்லாம் அங்கதான் வந்து இறங்கும். முன் கேட் பைபாஸ் பக்கம். பின் கேட் நேரா இந்தத் தெருவுல. பின் கேட் வழியா வந்தா லாரிக்கு மதுரை ரோடு கூப்பிடு தூரம். முன் கேட் வழியா போனா ஊரைச் சுத்தணும். அதனால குடோன் வந்த நாள்லேர்ந்து லாரியெல்லாம் இந்தத் தெருவுலதான் போச்சு. சுவர்ல விரிசல், குழாய்ல உடைசல், குழந்தைங்களுக்கு இளைப்பு. தெருக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. பின் கேட்டை மூடணும், காம்பவுண்டை ஒட்டி மரம் வளர்க்கணும், தூசியைக் கட்டுப்படுத்தணும்னு கோர்ட் சொல்லுச்சு.

கேட்டை எப்படி மூடினாங்கங்கறதுதான் இதுல முக்கியம். கேட்டுக்கு ரெண்டு கொண்டி. ஒண்ணுல கம்பெனி பூட்டு, சாவி கம்பெனிகிட்ட. இன்னொண்ணுல தெரு நலச் சங்கத்தோட பூட்டு, சாவி சங்கத் தலைவர்கிட்ட. ரெண்டையும் தொறந்தாத்தான் கேட் நகரும். ஏமாத்த முடியாத ஏற்பாடுன்னு ஊரே கை தட்டுச்சு.

போன வாரம் விடியக்காலையில பாப்பாயி அம்மா அடிபட்டது அந்தத் தெருவுலதான்.

பாப்பாயி, குடோன் பக்கத்து வீட்டுல தனியா இருந்தவங்க. காந்தி மார்க்கெட்ல கீரை விக்கறவங்க. தினமும் கீரைக் கூடையோட தெருமுனைக்கு நடந்து வருவாங்க. அனீஸ் தன்னோட குட்டியானை லோடு வண்டியில மார்க்கெட்டுக்கு ஏத்திட்டுப் போவார். அன்னைக்கு அனீஸ் முகம் கழுவிக்கிட்டிருக்கறப்ப ஏதோ பெரிய வண்டி தெருவுல போற சத்தம். வாசலுக்கு ஓடி வந்தா விளக்கே போடாத ஒரு லாரியோட பின்பக்கம் மெயின் ரோட்டுல திரும்பி மறையுது. தெருவுல பாப்பாயி கிடக்காங்க. சுத்தி முருங்கைக்கீரை. அனீஸ் அவங்களை வாரி எடுத்துத் தன் வண்டியிலயே போட்டுக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தார். பாப்பாயி கண்ணே முழிக்காம மறுநாள் போய்ச் சேர்ந்துட்டாங்க.

அப்புறம் போலீஸ் என்ன பண்ணுச்சு? அனீஸ் வண்டியில ரத்தம் இருக்குன்னு அனீஸைப் பிடிச்சு உள்ள வச்சுட்டாங்க. தூக்கிட்டுப் போனவனையே தூக்கிட்டாங்க! இனிமே இந்த ஊர்ல அடிபட்டுக் கிடக்கறவங்களை எவனாவது தொடுவானா? கேட்டா இன்ஸ்பெக்டர் அற்புதசாமி விரல் மடக்கிச் சொல்றார்: "தெரு முட்டுச்சந்து. குடோன் கேட்டோ பூட்டியிருக்கு. முட்டுச்சந்துக்குள்ள லாரி எதுக்குய்யா வரணும்? அந்த நேரத்துல அங்க இருந்த ஒரே வண்டி அனீஸோடது."

தெருவுல யாராவது லாரியைப் பார்த்தாங்களான்னா, எங்க பார்க்கறது? ஜன்னலைத்தான் அந்தக் குடோன் அடைச்சு வச்சிருக்கே. சத்தம் கேட்டுச்சான்னா, சத்தம் என்னைக்கு இல்லாம இருந்துச்சு? செய்யறதையும் செஞ்சுட்டு சாட்சிகளோட கண்ணையும் காதையும் சேர்த்து அடைச்சிருக்கானுங்க.

நாங்க அங்க போன நாளுக்கு மறுநாள் அனீஸோட ஜாமீன் மனு விசாரணைக்கு வருது. அதுக்குள்ள லாரி அந்தக் கேட் வழியா வந்துச்சுன்னு நாங்க காட்டணும். இல்லேன்னா அனீஸ் உள்ளதான்.

"தலைவர் வந்துட்டார்"ன்னாங்க ஷரபுன்னிசா.

ரெங்கராஜ். சங்கத் தலைவர். வெள்ளை வேட்டி, வெள்ளை சட்டை, அறுபதைத் தாண்டின வயசு. இதே தெருவுல இருந்தவர்தான். மூச்சு முட்டல் வந்ததும் ஸ்ரீரங்கத்துக்குக் குடி போயிட்டார். பதவியை மட்டும் விடல. குடோனை எதிர்த்து மைக்கைப் பிடிச்சா ஒரு மணி நேரம் கீழ வைக்கமாட்டாராம்.

"ஷரபு, நான் உங்க பக்கம்தாம்மா"ன்னு ஆரம்பிக்கும்போதே அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "ஆனா கோர்ட் என்னை நம்பி சாவியைக் கொடுத்திருக்கு. போலீஸ் கேட்டப்ப உள்ளதைத்தானே சொல்ல முடியும்? அந்தக் கேட்ல ரெண்டு பூட்டும் அப்படியே இருக்கு. திண்டுக்கல்லுக்கே போய், சொல்லிச் செஞ்ச பூட்டு அது. மாத்துச் சாவியே போட முடியாது."

"சாவி எங்க வச்சிருக்கீங்க?" மேடம் கேட்டாங்க.

சட்டையைத் தூக்கி அரைஞாண் கயித்துல தொங்கற சாவியைக் காட்டினார். "குளிக்கறப்பகூட அவுக்கறதில்ல."

"யார் கையிலயாவது கொடுத்தீங்களா? ஒரு நிமிஷத்துக்காவது?"

"சத்தியமா இல்ல. பெத்த பொண்ணு கேட்டாலும் தரமாட்டேன்."

நான் மேடத்தோட கண்ணாடியைப் பார்த்தேன். அது மூக்கு மேலயே இருந்துச்சு. மனுஷன் உண்மைதான் சொல்றார்னு முடிவு பண்ணிட்டேன்.

"எதுவா இருந்தாலும் வீட்டுக்கு வந்து சொல்லுங்க"ன்னு ஸ்ரீரங்கத்து விலாசத்தைக் கொடுத்துட்டு, ஷரபுன்னிசா தலையைத் தொட்டு ஆறுதல் சொல்லிட்டுப் போனார். அவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "எங்க தெருவுக்கு அல்லா கொடுத்த அண்ணன் சார் அவரு"ன்னாங்க.

குடோனோட முன் கேட்டுக்குப் போனோம். காம்பவுண்ட் சுவர் முழுக்க ஓவியம். ஆலமரம், வேப்பமரம், ஒரு மயில். அதுக்கு மேல 'அண்டை வீட்டாரின் நலமே எங்கள் நலம்'னு எழுத்து. சுவருக்குக் கீழ கருகிப்போன மரக்கன்னுங்க, பிளாஸ்டிக் பையைக்கூடப் பிரிக்காம நட்டு வச்சது.

"மேடம், கோர்ட் மரம் வளர்க்கச் சொன்னா இவனுங்க மரம் வரைஞ்சு வச்சிருக்கானுங்க."

"மயில் எக்ஸ்ட்ரா, டோனி"ன்னாங்க மேடம்.

மேனேஜர் பேரு பீமராவ். ஏசி ரூம்ல எங்களுக்கு லெமன் டீ கொடுத்தார். பேச்சு மழமழன்னு இருந்துச்சு. "பாவம் அந்தப் பாட்டி. எங்களுக்கும் வருத்தம்தான். ஆனா எங்க பின் கேட் தொறந்து பல மாசம் ஆச்சு மேடம்."

"பார்க்கலாமா?"

"தாராளமா! மறைக்க எங்ககிட்ட என்ன இருக்கு?"

தானே முன்னாடி நடந்தார். கேட் உள்பக்கமா ஒரு சிமெண்ட் தளம். அவ்வளவு பெரிய இரும்புக் கேட், தரையில பதிச்ச தண்டவாளத்து மேல பக்கவாட்டுல உருள்ற மாதிரி. ரெண்டு கொண்டி, ரெண்டு பூட்டு, ரெண்டும் கச்சிதமா பூட்டி இருந்துச்சு. பீமராவ் ஒவ்வொரு பூட்டையும் இழுத்துக் காட்டினார். சந்தையில மாட்டோட பல்லைக் காட்டறவன் மாதிரி அப்படி ஒரு பெருமை.

"போட்டோ எடுத்துக்கலாமா சார்? வீடியோவும்?" நான் பவ்யமா கேட்டேன்.

"எடுங்க எடுங்க. கோர்ட்லயே காட்டுங்க."

நான் செல்போன்ல எடுத்துக்கிட்டே வந்தேன். மேடம் பூட்டைப் பார்க்கவே இல்ல. தரையைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. சிமெண்ட் தளத்துல கேட்டை ஒட்டி ஒரு இடம் மட்டும் வெளிறின சிவப்பா இருந்துச்சு.

"ரத்தமா மேடம்?" நான் கேட்டேன்.

"குங்குமம்டா. அந்தச் சாக்கடைக் கம்பி இடுக்குல பாரு, பூசணி விதை. யாரோ இங்க திருஷ்டிப் பூசணிக்காய் உடைச்சிருக்காங்க." பீமராவைப் பார்த்தாங்க. "முன் கேட்லயும் உடைப்பீங்களா சார்?"

"அது... ஆயுத பூஜைக்கு ஆளுங்க ஏதாவது பண்ணியிருப்பாங்க. எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது மேடம்."

"ஆயுத பூஜை முடிஞ்சு பொங்கலும் முடிஞ்சாச்சே"ன்னு நான் முணுமுணுத்தேன். நடுவுல எத்தனை மழை பெஞ்சுது! குங்குமமா அது, இல்ல பெயிண்ட்டா?

மேடம் மண்டி போட்டு உக்காந்தாங்க. கேட்டுக்கு அடியில, தண்டவாளத்து மேல, தோசை மாதிரி தட்டையா ஒட்டிக்கிட்டிருந்துச்சு ஒரு எலுமிச்சம்பழம். மேடம் விரலால தொட்டு மோந்து பார்த்தாங்க. "இன்னும் மணக்குது. டோனி, இதை நல்லாப் பிடி. தண்டவாளம், பழம், மேல கேட், மூணும் ஒண்ணாத் தெரியணும்."

நான் தரையில படுத்து எடுத்தேன். சட்டை நாசம்.

எந்த வண்டியா இருந்தாலும் நல்ல காரியத்துக்குக் கிளம்பினா, இல்ல ஏதாவது கெட்டது நடந்து மறுபடி ரோட்டுல இறக்கணும்னா, பூசணிக்காய் சுத்தி உடைச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டுத்தான் எடுப்பாங்க. நம்மூர்ல சைக்கிள் வாங்கினவன்கூட அதைச் செய்யாம ஓட்டமாட்டான். அது எனக்கும் தெரியும், பீமராவுக்கும் தெரியும். அவருக்கு அங்கயே வேர்த்துக் கொட்டுச்சு.

"மேடம், நீங்க ஏதோ கற்பனை பண்ணிக்கறீங்க"ன்னு சிரிச்சார். "லாரிச் சக்கரம்தான் நசுக்கணும்னு இல்லையே? யாராவது பழத்தை உருட்டி விட்டிருப்பாங்க. கேட்டோட சக்கரமே ஏறி நசுக்கியிருக்கும்."

மேடம் எழுந்தாங்க. கண்ணாடியைக் கழட்டினாங்க. துடைச்சாங்க.

"சரியாச் சொன்னீங்க சார். லாரிச் சக்கரம் நசுக்கியிருந்தா, கேட் தொறந்து லாரி அதைத் தாண்டியிருக்கு. கேட்டோட சக்கரம் நசுக்கியிருந்தா, கேட் உருண்டிருக்கு. உருளாத கேட்டோட சக்கரம் எதை நசுக்கும்? பல மாசமா தொறக்காத கேட்டுக்கு அடியில வாடாத பழம் எப்படி சார் நசுங்கும்?"

பீமராவ் கையால செல்போனை மறைக்கப் பார்த்தார். நான் வீடியோவை நிறுத்தல.

"பதிவாயிடுச்சு மேடம். சாரோட குரல் கணீர்னு விழுந்திருக்கு"ன்னேன்.

ஷரபுன்னிசாவையும் ஏத்திக்கிட்டு வேன் காவிரிப் பாலத்துல ஏறினப்ப எனக்குப் பாட்டே வந்துடுச்சு. பின் சீட்டுல ஷரபுன்னிசா அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. "அல்ஹம்துலில்லா! ரெங்கராஜ் அண்ணன்கிட்டதான் முதல்ல சொல்லணும். ரொம்ப சந்தோஷப்படுவாரு."

"ஆமா. அவர்கிட்டதான் முதல்ல சொல்லணும்"ன்னாங்க மேடம். அப்புறம் இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டு ஸ்ரீரங்கத்து விலாசத்தைச் சொன்னாங்க. "சார், அந்த வாக்குமூலத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க."

எந்த வாக்குமூலம்னு நான் கேட்கல. பாட்டு மும்முரத்துல இருந்தேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

ரெங்கராஜ் குடியிருந்த தெரு ஸ்ரீரங்கத்துல கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்துச்சு. தெருமுனையில வேனை நிறுத்தினேன். பளபளன்னு ஒரு போர்டு: 'கனரக வாகனங்கள் உள்ளே வரத் தடை.' உள்ள போனா அப்படி ஒரு அமைதி. எல்லா வீட்டு ஜன்னலும் திறந்து கிடந்துச்சு. ஒரு வீட்டு மிக்ஸி நிக்கறதும், அடுத்த வீட்டுல யாரோ பேப்பர் புரட்டறதும்கூடக் காதுல விழுந்துச்சு. ஷரபுன்னிசா நடந்துக்கிட்டே ஒரு ஜன்னல்ல ஆடின திரைச்சீலையை நின்னு பார்த்தாங்க. வெள்ளைத் துணி. வெள்ளையாவே இருந்துச்சு.

ரெங்கராஜ் வாய் நிறைய வரவேற்றார். அவரோட சம்சாரம் நன்னாரி சர்பத் கொண்டாந்து வச்சாங்க.

"உங்க தெரு எவ்வளவு அமைதியா இருக்குங்க"ன்னேன்.

"எல்லாம் இவர் கைங்கரியம்தான் தம்பி!" அந்தம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நாங்க வந்த புதுசுல இங்கயும் லாரி வரும். இவர்தான் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு, மனு எழுதி, விடாம நின்னு அந்தப் போர்டை வைக்க வச்சார்."

சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. நான் சர்பத்தை ஒரு வாய் குடிச்சேன். மேடம் டம்ளரைத் தொடவே இல்ல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டிருந்தாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இங்க யாரு பொய் சொன்னா?

"ரெங்கராஜ் சார், நல்ல சேதி"ன்னாங்க மேடம். "கேட் தொறந்திருக்கு. ஆதாரம் கிடைச்சுடுச்சு." எலுமிச்சம்பழ வீடியோவைக் காட்டினாங்க.

அவர் பார்த்தார். சந்தோஷப்படுவார்னு பார்த்தா முகம் செத்துப் போச்சு.

"அப்ப... கம்பெனிக்காரன் திருட்டுத்தனமா தொறந்திருப்பான். அயோக்கியப் பயலுக!"

"எப்படித் தொறந்திருப்பான்? ரெண்டு பூட்டுல ஒண்ணு உங்களோடது."

"கள்ளச்சாவி போட்டிருப்பான்."

"திண்டுக்கல் பூட்டு. மாத்துச் சாவியே போட முடியாதுன்னு காலையிலதான் சொன்னீங்க. போலீஸ்லயும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"உடைச்சிருக்கலாம்..."

"பூட்டு கீறல்கூட இல்லாம இருக்கு, வீடியோவுல பாருங்க." மேடத்தோட குரல் ஏறவே இல்ல. "சாவியை யாருக்காவது கொடுத்தீங்கன்னா பேரைச் சொல்லுங்க. அனீஸ் வெளிய வந்துடுவார். யாருக்கும் கொடுக்கலைன்னா தொறந்தது நீங்க. அப்பவும் அனீஸ் வெளிய வந்துடுவார். எதைச் சொல்றீங்க?"

எனக்கு அப்பத்தான் மண்டையில உறைச்சுது. கேட் தொறந்திருக்குன்னு நிரூபிச்ச அதே நிமிஷம் ரெண்டாவது பூட்டும் தொறந்துடுச்சே! நான் பாலத்துல பாட்டுப் பாடிக்கிட்டு வந்திருக்கேன்.

"அண்ணே..." ஷரபுன்னிசா எழுந்து நின்னுட்டாங்க. "இல்லைன்னு சொல்லுங்கண்ணே."

"ஒரு எலுமிச்சம்பழத்தை வச்சு என்னை..." ரெங்கராஜ் கத்தினார். "எவனோ தூக்கிப் போட்ட பழம்!"

சத்தம் கேட்டு அந்தம்மா உள்ளேர்ந்து வந்தாங்க. பாவம், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. "எந்தப் பழம்? நம்ம மாப்பிள்ளை லாரிக்கு வெள்ளிக்கிழமை சுத்திப் போட்டீங்களே, அதுவா? பூசணிக்காயும் நான்தானே வாங்கிட்டு வந்து கொடுத்தேன். ஏதோ சின்ன விபத்து, வண்டியை எடுக்கவே டிரைவர் பயப்படறான்னு சொன்னீங்களே."

தெருவுல ஒரு சைக்கிள் மணி அடிச்சுட்டுப் போச்சு.

"மாப்பிள்ளை லாரி அந்தக் குடோனுக்குத்தான் ஓடுதா அம்மா?" மேடம் மெதுவா கேட்டாங்க.

"ஆமாம்மா, எல்லா வண்டியும் அங்கதான். விடியக்காலையில மாப்பிள்ளை வந்து இவரைக் கூட்டிட்டுப் போயிடுவார். சாவியை யார்கிட்டயும் தரமாட்டார் இவர். கோர்ட் கொடுத்த சாவியாம். தானே போய்த் தொறந்து, தானே பூட்டிட்டு வந்தாத்தான் இவருக்கு நிம்மதி." எங்க முகங்களைப் பார்த்துட்டு அந்தம்மாவோட குரல் தேஞ்சு போச்சு. "ஏன்? என்ன ஆச்சு?"

அதான் காலையில மேடம் கண்ணாடியைத் துடைக்கல. சாவியை யாருக்கும் கொடுக்கலைன்னு அந்த ஆள் செஞ்ச சத்தியம் உண்மை! சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கவே இல்ல. அவரே போய்த் தொறந்திருக்கார். ஊருக்கு முன்னாடி மைக்கைப் பிடிச்சுக் குடோன் ஒழிகன்னு கத்திட்டு, பொழுது விடியறதுக்கு முன்னாடி அதே குடோனுக்குக் கதவு தொறந்து விட்டிருக்கார். கம்பெனியும் இந்த ஆளும் சேர்ந்து கோர்ட்டை ஏமாத்தியிருக்காங்க, தெருவை ஏமாத்தியிருக்காங்க. சாமியை மட்டும் ஏமாத்த பயம். ஒரு உசிரு போன பிறகும் லாரியை நிறுத்தல. பூசணிக்காய் உடைச்சு மறுபடி ஓட்டியிருக்கானுங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த சர்பத் டம்ளரைச் சுவர்ல அடிச்சிருப்பேன். அந்தம்மா முகத்தைப் பார்த்துக் கீழ வச்சேன்.

"பாப்பாயி கீரை கொடுக்குமே, உங்க வீட்டுக்கு." ஷரபுன்னிசா ரெங்கராஜ் முன்னாடி வந்து நின்னாங்க. "நீங்க குடி போன பிறகும், தலைவருக்கு மூச்சு முட்டும்னு தூதுவளை பறிச்சு என் வீட்டுக்காரர்கிட்ட கொடுத்து அனுப்புமே. அதை அடிச்ச லாரிக்கா நீங்க திருஷ்டி சுத்துனீங்க?"

"ஷரபு, அந்த டிரைவர் வேணும்னு பண்ணலம்மா. விளக்கு போட்டா தெருவுல தெரிஞ்சுடும்னு..."

"விளக்கு போட வேணாம்னு சொன்னது யாரு?"

ரெங்கராஜ் தலையைத் தொங்கப் போட்டார். போட்டார் என்ன போட்டார், இனிமே எனக்கு மரியாதை வராது. தொங்கப் போட்டான்.

"என் வீட்டுக்காரர் உள்ள இருக்கறது உங்க சொல்லாலதான். நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு போலீஸ் நம்புச்சு. நானும் நம்பினேன். என்ன கொடுமைன்னா, அவரும் நம்பினாரு. ஜெயில்ல பார்த்தப்ப என்ன சொன்னார் தெரியுமா? 'தலைவர் இருக்கார், பயப்படாதே'ன்னார்."

வாசல்ல நிழல் தட்டுச்சு. இன்ஸ்பெக்டர் அற்புதசாமி. எவ்வளவு நேரமா நின்னாரோ, தொப்பி கையில இருந்துச்சு. வாக்குமூலக் காகிதமும் இருந்துச்சு. அவர் மேடத்தைப் பார்க்கல, என்னையும் பார்க்கல. ஷரபுன்னிசாவைத்தான் பார்த்தார்.

"தப்பு என்னுதும்தாம்மா. நாளைக்கு ஜாமீன் மனுவுக்கு நாங்க எதிர்ப்பு சொல்லமாட்டோம். கேஸையே மாத்தி எழுதறேன். அனீஸ் வந்துடுவார்." அப்புறம் ரெங்கராஜ் பக்கம் திரும்பினார். "சாவியை எடுங்க. மாப்பிள்ளைக்கும் போன் போடுங்க."

ரெங்கராஜ் அரைஞாண் கயித்துல முடிச்சை அவுக்கப் பார்த்தான். இழுத்த இழுப்புல முடிச்சு இறுகிக்கிட்டே போச்சு. கடைசியில இன்ஸ்பெக்டர்தான் கயித்தை அறுத்து சாவியை எடுத்தார். அந்தம்மா சமையலறைக் கதவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. பாப்பாயி யாருன்னு இனிமே அவங்களுக்கு யாராவது சொல்லணும்.

வெளிய வந்தோம். இன்ஸ்பெக்டரும் போலீஸ்காரங்களும் ரெங்கராஜை நடுவுல விட்டு நடந்தாங்க. தெருமுனைக்கு வந்ததும் ஷரபுன்னிசா அந்தப் போர்டுக்குக் கீழ நின்னுட்டாங்க. அண்ணாந்து ஒவ்வொரு எழுத்தா படிச்சாங்க. அப்புறம் ரெங்கராஜைக் கூப்பிட்டாங்க. அடிக்கப் போறாங்கன்னுதான் நினைச்சேன். அடிச்சா தடுக்கறதில்லைன்னும் முடிவு பண்ணிட்டேன்.

"அண்ணே, போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. இந்தப் போர்டுக்கு எந்த ஆபீஸ்ல, யார்கிட்ட மனு கொடுத்தீங்க? எங்க தெருவுக்கும் ஒண்ணு வேணும்."

அவன் போர்டைப் பார்க்காம நடந்து போனான். மேடம் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "வாங்க ஷரபு, நானே கூட்டிட்டுப் போறேன்"ன்னாங்க. நான் வேனை ஸ்டார்ட் பண்ணினேன்.